செவலைக்கு வைத்த பொங்கல்

புதிதாகக் கால்நடை மருத்துவர் வேலையில் சேர்ந்த உங்களில் சிலர் எனக்குப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "மேடம், குதிரை வந்தா என்ன பண்றது?" குரலிலேயே நடுக்கம் தெரிகிறது. அதில் தப்பில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டே கை பழகிவிடுகிறது. குதிரை எப்போதோ ஒன்றுதான் வரும். வருகிற அன்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வராது. எந்த மருந்து எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் சலுகை உண்டு.

கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார் ராசாங்கம். சல்லிக்கட்டு மாடு வளர்ப்பதில் பேர் போனவர். அவருடைய காளை வெள்ளையனின் திமிலில் முழுசாகக் கை போட்டவன் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் காளைக்கு நான்தான் வைத்தியம் பார்த்து வந்தேன். வயதாகி, படுத்த இடத்தில் அது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு மனுஷன் தோட்டத்துக்குப் போவதை விட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாய்க்குப் போகாது. பூச்சி மருந்து அடிக்காமல் கொடிகள் வாடின.

அவர் மனைவி பேச்சியம்மாள் இதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் தன் தம்பி சோலையைக் கூட்டிக்கொண்டு அந்தியூர்ச் சந்தைக்குப் போனாள். செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரையோடு திரும்பி வந்தாள். ஏன் குதிரை என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"இன்னொரு காளயக் கட்டுனா நெதமும் வெள்ளையனத்தான் நெனப்பாக. குதிரைன்னா ஒண்ணும் தெரியாதுல்ல, புதுசாப் படிக்கணும்ல. அதுலயாச்சும் எந்திரிச்சு நடக்கட்டும்னுதான்" என்றாள்.

மனநல டாக்டரிடம் போயிருந்தாலும் இதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ராசாங்கம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தண்ணீர் காட்டினார். பிறகு அதற்குச் செவலை என்று பேர் வைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அவர் டீக்கடைக்குப் போனால் அதுவும் பின்னாலேயே போகிற அளவுக்கு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். தோட்டத்துக் கொடிகளிலும் மறுபடி பச்சை வந்தது.

ஆனால் பேச்சியம்மாள் நினைத்ததுபோல அவர் புதிதாக எதையும் படிக்கவில்லை. ஒரு பிராணியைப் பிரியமாக வளர்ப்பதற்கு அவருக்குத் தெரிந்தது ஒரே வழி, காளையை வளர்த்த வழி. பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், கம்பு, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை என்று வெள்ளையனுக்கு வைத்த வரிசை அப்படியே செவலைக்கும் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்குத் தடுப்பூசி போடப் போனபோது நான் சொன்னேன், குதிரைக்குப் புல்தான் சாப்பாடு, தானியத்தைக் குறையுங்கள் என்று.

"புல்லத் தின்னா தெம்பு எங்கேருந்து வரும் டாக்டரம்மா?" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தனுப்பினார்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நம் மருந்தகங்களில் வயிறு உப்பிய மாடுகள் வரிசையில் நிற்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷத்து வரிசையை முடித்துவிட்டு, காலை ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நான் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்தால் அம்மா அந்த வாரம் முழுக்கப் பேசமாட்டாள். நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தேன். அப்போது பேச்சியம்மாளிடமிருந்து போன்.

"டாக்டரம்மா, செவல நேத்துலேருந்து நகர மாட்டேங்குது. இடுப்பு பிடிச்சிருச்சுன்னு சூடு போடப் போறாக. கம்பியக் காய வச்சுட்டாக. வெரசா வாங்க."

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

தோட்டத்து முற்றத்தில் நல்ல கூட்டம். சல்லிக்கட்டு நேரம் என்பதால் மாட்டுக்காரப் பையன்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். நடுவில் சிரட்டைக் கரி நெருப்பு. அதற்குள் கம்பி சிவந்துகொண்டிருந்தது. சோலை ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தயாராக நின்றான். இரண்டு பேர் செவலையைப் பின்னாலிருந்து தள்ள, ஒருவன் முன்னாலிருந்து கயிற்றை இழுத்தான். செவலை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. உடம்பெல்லாம் வேர்வை. பார்ப்பவர்கள் கண்ணுக்குக் கூனிய இடுப்புதான் தெரியும். மாட்டை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அதை இடுப்புப் பிடிப்பு என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

ராசாங்கம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா, சரியாப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கம் சொல்ல நேரம் இல்லை. தொட்டிப் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றினேன். புகை கிளம்பி என் பட்டுச்சேலை முழுக்கச் சாம்பல்.

"என்னா டாக்டரம்மா, இப்பிடிப் பண்ணிட்டீக?" என்றான் சோலை. அவனுக்குக் கோபம். இருக்காதா பின்னே?

"தம்பி, வலி முன்னங்கால்ல. நீ சுடப் போறது பின்னால. நான் சொல்றத நம்ப வேணாம். இங்கன உக்காந்து ரெண்டு குளம்பையும் தொட்டுப் பாரு."

உட்கார்ந்தான். தொட்டான். குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கத்தில் அவன் விரலைப் பிடித்து வைத்தேன். நாடி விரலைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"கொதிக்குதே டாக்டரம்மா" என்றான். கோபம் போன இடம் தெரியவில்லை. கையிலிருந்த ஈரத்துணியை அவனே குளம்பின் மேல் வைத்தான். கூட்டத்தோடு வாதாடாதீர்கள், கூட்டத்தில் கைப்பழக்கம் உள்ளவன் யாரென்று பார்த்து, அவன் கையைப் பிடித்து நோயின் மேல் வையுங்கள். மீதிப் பேருக்கு அவனே சொல்லிக்கொள்வான்.

செவலைக்கு வந்திருந்தது குளம்புக்குள் அழற்சி. நீங்கள் லாமினைட்டிஸ் என்று படித்தது. குளம்புக்குள் இருக்கும் எலும்பு, நகமும் சதையும் ஒட்டியிருக்கிற மாதிரி, மெல்லிய சதை மடிப்புகளால் குளம்புச் சுவரோடு ஒட்டித் தொங்குகிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறி உள்ளே போனால் குடலில் புளித்து, அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து, இந்த மடிப்புகளைப் பிய்க்க ஆரம்பிக்கும். அப்போது எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் இன்னும் பிய்க்கும். பிடி முழுக்க விட்டுப்போய் எலும்பு கீழே இறங்கிவிட்டால், வேதனையிலிருந்து விடுவிக்கிற அந்தக் கடைசி ஊசியைத் தவிர நம்மிடம் பெரும்பாலும் ஒன்றும் மிச்சம் இருக்காது.

"அண்ணே, செவல என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டேன்.

ராசாங்கம் முகம் மலர்ந்தது. "மாட்டுப் பொங்கலுக்கு வெள்ளையனுக்கு என்ன செய்வேனோ அம்புட்டும் செஞ்சேன் டாக்டரம்மா. குளிப்பாட்டி, மாலை போட்டு, ஒரு பானை சக்கரப் பொங்கல், ஒரு தார் வாழப்பழம். சாயங்காலம் ஊற வச்ச மக்காச்சோளம். ஆசையாத் தின்னுச்சு."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அந்தத் தீனியையும் இந்த வலியையும் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்ததைக் கவனித்தேன். என்னை மோட்டார் அறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"டாக்டரம்மா, அந்தப் பொங்கல்தானா?"

"ஆமா."

"அவுககிட்டச் சொல்லிராதீக. ஒங்க கால்ல வேணாலும் விழுறேன். வெள்ளையன் வயசாகிச் செத்ததுக்கே அவுக பாதி உசுரா ஆனாக. இது தன் கையால வச்ச தீனியாலன்னு தெரிஞ்சா மனுசனை நான் முழுசாப் பாக்க முடியாது. காத்து கருப்புன்னு சொல்லுங்க, பூச்சி கடிச்சிருச்சுன்னு சொல்லுங்க, என்னத்தையாவது சொல்லுங்க."

இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் கிடையாது. அவள் சொன்னது மிகை இல்லை; வெள்ளையன் போனபோது அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நானே பார்த்திருக்கிறேன். பூச்சிக்கடி என்று சொல்வது எனக்குச் சுலபம். சொன்னால் அவர் நிம்மதியாக இருப்பார். நாளைக்குக் காலையில் செவலை வாடியிருக்கிறதே என்று இரண்டு படி சோளம் கூடுதலாக வைப்பார். உண்மையைச் சொன்னால் குதிரை பிழைக்க வழி உண்டு. மனுஷன் என்ன ஆவார் என்று தெரியாது. சென்னையில் குதிரைகளுக்கே வைத்தியம் பார்த்துத் தலை நரைத்த என் சீனியர் ஒருவரைப் போனில் பிடித்தேன். பனிக்கட்டி, மணல் படுக்கை, அசைவே கூடாது, முதல் சில நாட்கள் தாண்டினால் பார்க்கலாம் என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டேன். "அது குளம்பு விஷயம் இல்லையேம்மா. ஆளைப் பார்த்தவள் நீ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரிதான்.

சோலையையும் பையன்களையும் ஐஸ் கம்பெனிக்கு விரட்டினேன். முற்றம் காலியானது. ராசாங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இது அந்தப் பொங்கலாலயும் சோளத்தாலயும் வந்தது. காளைக்கு அசைபோடுற வயிறு. அதுக்கே பொங்கல் அதிகமானா ஆகாது. இதுக்கு இருக்கறது சின்ன வயிறு. தாங்கலை. இப்ப நீங்க செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. செய்வீங்களா?"

அவர் செவலையின் குளம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நான் சொன்னதை நானே நொந்துகொள்ள ஆரம்பித்த நேரத்தில் அவர் கேட்டார்: "என்னா வேல?"

"காய்ஞ்ச புல்லு, வைக்கோல். வேற ஒரு பிடிகூடக் கூடாது. பசின்னு கத்தும். கத்தினாலும் கூடாது."

எழுந்து தீவன அறைக்குப் போனார். கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து பேச்சியம்மாள் கையில் வைத்தார்.

"இத நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத. ஏசுனாலும் குடுக்காத. அது மொகத்தப் பாத்தேன்னா எங்கையி சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷத்தில் "நீங்க சொன்னபடியே செய்றேன்" என்று எத்தனையோ பேர் எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார்கள். பாதிப் பேர் வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுவார்கள். தன் பலவீனம் எதுவென்று பார்த்து, அதற்குத் தானே பூட்டுப் போட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் அப்போது வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அன்று தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்: உண்மையைச் சொல்லும்போது கூடவே ஒரு வேலையையும் கொடுங்கள். வேலை இல்லாத உண்மைதான் ஆளை உடைக்கும்.

பையன்கள் குட்டியானை வண்டியில் பனிக்கட்டிப் பாளங்களோடு வந்து இறங்கினார்கள். செவலையை நகர்த்தக் கூடாது என்பதால் நின்ற இடத்திலேயே ஆற்று மணலைக் கொட்டினோம். பனிக்கட்டியைக் காலில் எப்படி நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ராசாங்கம் காலி உரச் சாக்குகளைக் கழுவி எடுத்து வந்தார். ஒவ்வொரு சாக்குக்குள்ளும் ஒரு காலை விட்டு, முழங்கால்வரை நொறுக்கிய பனிக்கட்டியை நிரப்பி, திராட்சைக் கொடி கட்டுகிற நாடாவால் கட்டினார். காலையில் சூடு போட வந்த சோலை கடப்பாரையால் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தபோதுதான் அதைக் கவனித்தேன். ராசாங்கம் எதிரே வந்தால் செவலை கனைத்தது. அவர் வந்தால் தீனி வரும் என்பது அதன் கணக்கு. கனைத்துவிட்டு அவரைப் பார்த்துக் காலெடுத்து வைக்கப் பார்த்தது. அத்தனை வலியிலும் அவரை நோக்கி ஒரு அடி. அந்த ஒரு அடியைத்தான் நான் காலையிலிருந்து தடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறையாக அவரிடம் போனேன். "அண்ணே, நீங்க முன்னால வந்தா அது நடக்கப் பாக்குது. நான் சொல்றவரைக்கும் அது கண்ணுல நீங்க படக் கூடாது."

சாவி கொடுத்தபோது கலங்காத மனுஷன் இதற்குக் கலங்கினார். "கூட இருந்து பாத்துக்கக்கூட முடியாதா டாக்டரம்மா?"

"முடியாதுண்ணே."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கொடிகளுக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து தோட்டத்தின் மறு கோடியிலேயே கிடந்தார். சோறு அங்கேயே போனது. பனிக்கட்டி மாற்றுவதைச் சோலையும் பையன்களும் முறை வைத்துப் பார்த்தார்கள். தீனி நேரத்தில் செவலை கனைத்தால் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

"அது கத்துறப்ப இவுக கொடி வெட்டுற கத்தரியக் கீழ போட்டுட்டுக் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறாக டாக்டரம்மா. ஆனா ஒரு அடி இந்தப் பக்கம் வரல" என்றாள் பேச்சியம்மாள். சாவியை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதையும் அவளே சொன்னாள்.

அடுத்த நாள் செவலை படுத்துவிட்டது. சேதி பரவி உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "எதுக்கும்மா அத வதைக்கிறீக? ஊசியப் போட்டு அனுப்பிருங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த ஊசி என் பையில் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் மணலில் மண்டியிட்டுக் குளம்பைப் பார்த்தேன். நாடி முந்தின நாள் மாதிரித் துள்ளவில்லை. எலும்பு கீழே இறங்கியிருந்தால் உள்ளங்குளம்பில் புடைப்பு தெரியும், அது எங்கும் இல்லை. படுத்தபடியே பேச்சியம்மாள் கையிலிருந்து புல்லை இழுத்துத் தின்றது. வலிக்கிற காலிலிருந்து பாரத்தை இறக்கி வைக்கத்தான் அது படுத்திருந்தது. "பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். முடிவைக் குளம்பைப் பார்த்து எடுங்கள். சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். இரக்கம் சில நேரம் ரொம்ப அவசரப்படும்.

கொடிகளுக்குப் பின்னாலிருந்து ராசாங்கம் ஒரு பையனிடம் சொல்லியனுப்பினார், ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். என் வேலையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கனமானது அதுதான். அவர் வரவில்லை.

அடுத்த நாள் அது எழுந்து நின்றது. சூடு தணிந்தது. அதன் பிறகு குளம்பு செதுக்கியது, மெதுவாக மணலில் நிற்கப் பழக்கியது எல்லாம் வழக்கமான வைத்தியம். அதைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வைக்கமாட்டேன். குளம்பு முழுசாகப் பிடிக்கும்வரை ராசாங்கத்தை மட்டும் அதன் கண்ணில் படவே விடவில்லை.

மாசி முடிகிற சமயம். செவலை கெட்டித் தரையில் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனேன். வீட்டு முன்னால் நீளமான சிமெண்டுத் தளம். சோலை கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டினான். நடந்தது, ஆனால் இழுப்பதால் வருகிறதா, தானாக வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. கயிற்றைக் கழற்றச் சொன்னேன். ராசாங்கத்துக்கு ஆள் அனுப்பினேன்.

கொடிகளுக்குள்ளிருந்து வந்தார். இளைத்திருந்தார். தீவன அறைச் சாவி வைத்திருந்த பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்து மறுத்தேன், தீனி கிடையாது.

"இத்தன நாள் கழிச்சு வெறுங்கையோட போயி நின்னா கோவிச்சுக்குமே டாக்டரம்மா" என்றார்.

"அப்படியே போய் நில்லுங்கண்ணே."

தளத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார். செவலை தலையைத் தூக்கியது. கனைத்தது. பிறகு நடந்தது. முதல் அடி, அடுத்த அடி, எல்லாம் ஒரே சீராகச் சிமெண்டில் விழுந்தன. எங்கேயும் தயக்கம் இல்லை, நொண்டும் குதிரைக்கு வருகிற தலை ஆட்டம் இல்லை. நேராக அவரிடம் போய் வலது கையை முகர்ந்தது. இடது கையை முகர்ந்தது. வேட்டி மடிப்பை மூக்கால் தள்ளிப் பார்த்தது. ஒன்றும் இல்லை.

திரும்பிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். செவலை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அவர் தோளில் தாடையை வைத்து நின்றது.

"பேச்சி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் நிக்கிதுடி."

"நிக்கட்டும். நீங்களும் ஆடாம நில்லுங்க" என்றாள் பேச்சியம்மாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். சோலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அன்று குளம்பை மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் பையோடு போயிருந்தேன். பையைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலையில் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.